நடையைப் பார்த்தே வியாதி சொன்ன டாக்டர்

புதிதாக டாக்டர் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் கொஞ்சம் பயமாக இருக்கிறது. உங்கள் முகத்தில் ஒரு தன்னம்பிக்கை தெரிகிறது. அதே முகத்துக்கு நானும் ஒரு காலத்தில் தினமும் சவரம் செய்திருக்கிறேன்.

நான் சப் அசிஸ்டெண்ட் சர்ஜனாக இருந்தது ராசிபுரத்துப் பக்கத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், இந்தக் கதையில் வருகிறவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஆண்ட காலம், இரண்டாம் யுத்தம் இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரி என்பது ஓர் ஓட்டுக் கட்டடம், முன்னால் நீளமான தாழ்வாரம், தாழ்வாரத்தில் என் மேஜை. எக்ஸ்ரே கிடையாது. எதையாவது பரிசோதிக்கச் சேலத்துக்கு அனுப்பினால், பதில் வருவதற்குள் நோயாளி எழுந்து வேலைக்குப் போயிருப்பான், இல்லாவிட்டால் கருமாதி முடிந்திருக்கும். அதனால் நாங்கள் கண்ணை நம்பினோம். நான் என் கண்ணைக் கொஞ்சம் அதிகமாகவே நம்பினேன்.

கேட்டிலிருந்து என் மேஜைக்குப் பதினெட்டு எட்டு. ஒரு நாள் நானே நடந்து எண்ணினேன். வேலையில்லாத டாக்டர் வேறென்ன செய்வான்? அந்தப் பதினெட்டு எட்டுக்குள் வருகிறவரின் வியாதியைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு பந்தயம் வைத்துக்கொண்டேன். நாடி பிடிப்பதற்கு முன்னால், நாக்கை நீட்டச் சொல்வதற்கு முன்னால், ஏன், அவர் வாயைத் திறப்பதற்கே முன்னால்.

பெருமைக்குச் சொல்லவில்லை, அநேகமாகச் சரியாகவே இருக்கும். ஒரு கை நெஞ்சோடு மடங்கி, ஒரு கால் அரைவட்டம் போட்டு வந்தால் பக்கவாதம். குனிந்து, குறுகலாக அடிவைத்து, தன் வயிற்றையே துரத்திப் பிடிக்கிறவர் மாதிரி ஓடிவந்தால் நடுக்குவாதம். குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் வந்தால் பெரும்பாலும் நரம்புச் சிலந்தி. படிக்கிணற்றுத் தண்ணீர் குடித்த பாவத்துக்குக் காலிலிருந்து ஒரு முழம் புழு எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பாதி ஜனம் அப்படித்தான் நடந்தது, மீதிப் பாதி அடுத்த கோடைக்குக் காத்திருந்தது.

பக்கத்தில் மிட்டாதார் ஒருவர் இருந்தார், சின்ன ஜமீன்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை அகல விரித்து, ஒவ்வொரு எட்டையும் பூரானை மிதிப்பது போல ஓங்கி வைத்து நடப்பார். சிங்க நடை என்று ஜனங்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவருடைய கணக்குப்பிள்ளையும் அதே மாதிரி நடந்து பழகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு கண்ணை மூடியவர் அப்படியே அண்டாவுக்குள் விழுந்துவிட்டார் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணை மூடினால் தன் கால் எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. இளம் வயதில் பட்டணத்தில் எங்கெங்கோ தங்கிக் கொண்டுவந்த சீக்கு முதுகுத்தண்டில் ஏறி வேலையைக் காட்டிவிட்டது. சிங்க நடைக்குக் காரணம் அதுதான். நான் கணக்குப்பிள்ளையைத் தனியே அழைத்து, எஜமானை மற்ற எல்லா விஷயத்திலும் பின்பற்றலாம் என்றேன்.

இன்னொருவர் கோர்ட்டில் சாட்சி சொல்லப் பயந்து, கால் ஊனம் என்று சர்ட்டிபிகேட் வாங்க வந்தார். வலது காலை நொண்டிக்கொண்டு வந்தார். போகும்போது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பி வரும்போது இடது கால் நொண்டியது. எந்தக் காலை எழுதட்டும் என்று கேட்டேன். மனிதர் கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார்.

இதெல்லாம் ஊரில் பரவிவிட்டது. சந்தை நாளன்று நோயில்லாதவர்களும் தாழ்வாரத்தில் வந்து நின்றார்கள். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு அடுத்தவன் வியாதியைக் கேட்டுவிட்டுப் போவார்கள். சர்க்கஸுக்கு டிக்கெட் உண்டு, நான் இலவசம். கம்பவுண்டர் மட்டும் அவர்களை விரட்டப் பார்ப்பார். "இருக்கட்டும், விடுங்கள்" என்பேன். கூட்டம் இல்லாத நாளில் எனக்குக் கண்ணே சரியாகத் தெரியாதது மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு சந்தை நாளில்தான் குழந்தைவேலு வந்தார். இதுவும் நான் மாற்றிவைத்த பெயர்தான். நெசவுத் தெருக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், ஆள் மெலிந்து துவண்டிருந்தார். வலது காலை அளவுக்கு மீறித் தூக்குவார். பாதம் அப்படியே கீழே தொங்கும். விரல் முதலில் தரையில் உரசும், பிறகு உள்ளங்கால் பட்டென்று விழும். இல்லாத வாய்க்காலைத் தாண்டுகிறவர் மாதிரி கேட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

அந்த நடைக்குப் புத்தகத்தில் எத்தனையோ காரணங்கள் உண்டு. எங்கள் சேலம் சீமையில் பெருவியாதி, இப்போது நீங்கள் தொழுநோய் என்கிறீர்களே, அது அதிகம் என்பதால் நான் கைவசம் ஒரே காரணத்தைத்தான் வைத்திருந்தேன். அவர் பத்து எட்டு நடப்பதற்குள் கம்பவுண்டர் பக்கம் திரும்பி, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, "பெருவியாதி. நரம்புல இறங்கிடுச்சு" என்றேன்.

வந்து உட்கார்ந்தார். பாதத்தின் மேல் குண்டூசியால் குத்தினேன். தெரியவில்லை என்றார். நான் கூட்டத்தைப் பார்த்தேன், கூட்டம் என்னைப் பார்த்தது. பரிசோதனை அதோடு முடிந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் தேமல் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. காது மடலைத் தொடவில்லை. முழங்கையிலும் முழங்காலிலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவவில்லை. எப்போதிருந்து இப்படி என்றுகூடக் கேட்கவில்லை. இதையெல்லாம் நீங்கள் காலேஜிலேயே படித்திருப்பீர்கள். நானும் படித்திருந்தேன், அதில் பரிசுகூட வாங்கியிருந்தேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பாவு ஒண்ணு தறியில பாதியில நிக்குதுங்க சாமி. அதை முடிச்சுப்போட்டு வரட்டுங்களா?" கூடாது, இனிமேல் தறிப் பக்கம் போகக் கூடாது, வாரா வாரம் நீரடிமுத்து எண்ணெய் ஊசிக்கு வந்துவிட வேண்டும் என்றேன். அவர் எழுந்தபோது பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் ஏற்கெனவே எழுந்து போயிருந்தார்கள். நான் அடுத்த ஆளின் நடையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

நெசவைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். தறியில் உட்கார்ந்து ஒருவர் தனியாக நெய்யலாம். ஆனால் நூல் தறிக்குப் போவதற்கு முன்னால், பாவை, அதாவது துணியில் நீளவாக்கில் ஓடுகிற நூல்களை, தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ் போட்டு உருவிக் காயவைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். இதை ஒரு வீட்டுக்காரர் மட்டும் செய்ய முடியாது. விடிந்ததும் தெருக்காரர்கள் இரண்டு பக்கமும் நின்று கை கொடுப்பார்கள். இன்றைக்கு உன் பாவுக்கு நான், நாளைக்கு என் பாவுக்கு நீ. அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, பாவு விரித்தால் ஆள் வந்து நிற்பார்கள்.

நான் வாய் திறந்த மறுவாரம், தறிப் பக்கம் போகக் கூடாது என்றதையும் மீறி, குழந்தைவேலு புதுப் பாவு விரித்தார். ஒருவரும் வரவில்லை. யாரும் சண்டை போடவில்லை, ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை, ஒரு வார்த்தை தவறிப் பேசவில்லை. அவ்வளவு மரியாதையான தெரு. அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கஞ்சி காய்ந்து, நூல் ஒட்டிக்கொண்டு, பாவு பாழாய்ப் போனது. நூல் கொடுக்கிற முதலாளி இனிமேல் வர வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். குழந்தைவேலுவின் மனைவி பாவாயி கடலைக்காட்டுக்குக் களை வெட்டப் போனாள்.

பத்து நாள் கழித்துப் பாவாயி என்னிடம் வந்தாள். கூட்டமெல்லாம் போகும்வரை கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டு வந்தாள். அவரிடம் எதைப் பார்த்து அப்படிச் சொன்னேன் என்று கேட்டாள். நடையைப் பார்த்து என்றேன். நடையை மட்டுமா என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்படவில்லை. நடந்ததை வரிசையாகச் சொன்னாள். மூன்று மாதம் முன்னால் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்தார். எழுந்ததும், கல்யாணச் சேலை முடிக்க வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்த, நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்தார். ஒரு நாள் காலையில் நன்றாக நடந்து போய், தறிக்கு அடியில் காலைத் தொங்கவிட வெட்டியிருக்கும் தறிக்குழியில் கால் விட்டவர், சாயங்காலம் எழுந்திருக்கும்போது வலது பாதம் மேலே வரவில்லை.

"பெருவியாதி ஒரு பொழுதுல வருமுங்களா சாமி?" என்று கேட்டாள்.

நான் அவளுக்கு இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னேன். பதில் தெரியாத டாக்டர் இங்கிலீஷுக்குப் போவான், நீங்களும் போவீர்கள். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள்.

மறுநாள் நெசவுத் தெருவுக்குப் போனேன். கிணறுகளைப் பார்வையிடப் போகிறேன் என்று கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். சும்மா ஒரு பேச்சுக்கு இரண்டு கிணற்றை எட்டியும் பார்த்தேன். குழந்தைவேலு வீட்டுக்குப் பின்னால், தறி போட்டிருந்த கொட்டகையில் தனியாக இருந்தார். சாப்பாட்டுத் தட்டு தனியாக இருந்தது. எப்போதும் உட்காருகிற மாதிரி தறியில் உட்காருங்கள் என்றேன். நான்தானே உட்காரக் கூடாது என்றேன் என்பதை நினைவுபடுத்தாமல் அவர் உட்கார்ந்தார்.

எல்லாம் அங்கேயே இருந்தது. காய்ச்சலில் கிடந்ததில் இடது பிட்டத்தில் படுக்கைப்புண், இன்னும் ஆறவில்லை. அதனால் இடப்பக்கம் பாரம் கொடுக்காமல் வலப்பக்கமே சாய்ந்து உட்கார்ந்தார். அப்படிச் சாய்ந்ததும் வலது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், குழியின் ஓரத்துப் பலகைக் கல்லில் போய் அழுந்தியது. சரியாக அந்த இடத்தில் ஓர் எலும்பு முடிச்சு உண்டு, உங்கள் காலிலும் தொட்டுப் பாருங்கள். பாதத்தைத் தூக்குகிற நரம்பு அந்த முடிச்சைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. நல்ல சதை இருந்தால் தாங்கும். காய்ச்சலில் சதையெல்லாம் கரைந்துபோன ஆளுக்கு வெறும் எலும்பும் கல்லும், நடுவில் அந்த நரம்பும்தான். அந்த இடத்தில் தோல் கறுத்துக் காய்த்திருந்தது. விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். கால் விரல் நுனிவரை விறுவிறுவென்று ஓடுகிறது என்றார். ஊசி குத்தினால் தெரியாததற்கும் அதே நரம்புதான் காரணம். அப்புறம் முதுகு, காது, முழங்கை எல்லாம் பார்த்தேன். ஒரு தேமல் இல்லை, ஒரு நரம்பு தடிப்பில்லை. இந்தப் பரிசோதனைக்கு மொத்தம் கால் மணி நேரம் ஆனது. அன்றைக்குத் தாழ்வாரத்தில் என்னிடம் அந்தக் கால் மணி நேரம் இல்லாமல் போய்விட்டது.

இது பெருவியாதி இல்லை, அழுத்தம்தான், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றேன். பாவாயி, இதைத் தெருவில் சொல்வீர்களா என்று கேட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன்.

எழுதியும் தந்தேன். ஆஸ்பத்திரிக் காகிதத்தில், இங்கிலீஷில், முத்திரை வைத்து. நான் தப்பாகச் சொன்னேன் என்று எழுதவில்லை. எழுதுவதற்குப் பேனா ஓடவில்லை. தற்சமயம் இவரிடம் பெருவியாதிக்கான அறிகுறி காணப்படவில்லை என்று எழுதினேன். தெருவில் இங்கிலீஷ் தெரிந்த பள்ளிக்கூட வாத்தியார் அதைப் படித்து, தற்சமயம் இல்லை என்று போட்டிருக்கிறது என்று விளக்கிச் சொன்னார். தற்சமயம் என்றால் முன்னால் இருந்தது என்றுதானே அர்த்தம் என்று தெருக்காரர்கள் புரிந்துகொண்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நான் எழுதியதே அப்படிப் புரிந்துகொள்ளட்டும் என்றுதான்.

பாதம் தொங்காமல் இருக்க, கட்டைவிரலிலிருந்து முழங்காலுக்கு ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டேன். காலைத் தினமும் நீவச் சொன்னேன். பாவைத் தொட ஆளில்லாததால் அவர் தறியில் உட்காரவில்லை. உட்காராததால் நரம்பு பிழைத்துக்கொண்டது. என் தப்பே வைத்தியமாகிவிட்டது பார்த்தீர்களா என்று கம்பவுண்டரிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்காமல் மருந்துப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றே மாதத்தில் குழந்தைவேலு துணிப்பட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு எல்லோரையும் போல நடந்தார்.

ஊர் அதைப் பார்த்தது. பெருவியாதிக்காரனை டாக்டர் மூன்று மாதத்தில் நடக்க வைத்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டது. செய்தி நாமகிரிப்பேட்டைக்குப் போனது, சேந்தமங்கலத்துக்குப் போனது, புதுச்சத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். விரல் இல்லாதவர்கள், மூக்கு அமுங்கியவர்கள், வருஷக்கணக்காக வீட்டுக்குப் பின்னால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்கள், எல்லோரும் வந்தார்கள். அதற்கு முன்னால் ஊசிக்கு வராமல் ஓடி ஒளிந்தவர்களும் வந்தார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்ட் எனக்கு மாலை போட்டு, மகான் என்கிற வார்த்தைக்கு ரொம்பப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பினார். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. மாலைக்குக் கழுத்தை நீட்டினேன், அவ்வளவுதான். என்னை நம்பியாவது ஊசி போட்டுக்கொள்கிறார்களே, நல்லதுதானே என்று நியாயமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நமக்குச் சாதகமான காரியத்துக்கு நியாயம் கண்டுபிடிக்க நாம் சேலத்துக்கு எழுதிப் போட்டுக் காத்திருப்பதில்லை.

பாவாயி இரண்டாம் தடவை வந்தாள். முதல் தடவை வந்ததைவிட இளைத்திருந்தாள். நின்றபடியே பேசினாள்.

"எங்கூட்டுக்காரரை நீங்க சொஸ்தம் பண்ணிப்போட்டீங்கன்னு ஊரே பேசுதுங்க. சொஸ்தமானவரு பாவையும் ஒருத்தரும் தொடறதில்லீங்க. அந்தச் சீக்கு வந்ததே இல்லைன்னு நீங்கதானுங்க சொல்லோணும்."

எழுதித்தான் கொடுத்துவிட்டேனே என்றேன். அவள் இடுப்பிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பிரித்து, மேஜை மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அன்னைக்கு வாயாலதானுங்க சொன்னீங்க. இதையும் வாயாலயே சொல்லிப்போடுங்க. சந்தை அன்னைக்கு, அதே சத்தத்துல."

பார்க்கலாம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு சந்தை போனது. ஒரு சந்தைக்குக் கூட்டம் அதிகம் என்று சொல்லவில்லை, இன்னொரு சந்தைக்குக் கூட்டம் போதாது என்று சொல்லவில்லை. மூன்றாவது சந்தைக்கு முந்தின நாள், அதுவரை இந்த விஷயத்தில் வாயே திறக்காத கம்பவுண்டர் என்னிடம் ஒரு சேதி சொன்னார். வேறு ஊர் முதலாளி ஒருவர் குழந்தைவேலுவுக்கு ஒரே ஒரு பாவுக்கு நூல் கொடுத்திருக்கிறார். சந்தைக்கு மறுநாள் காலையில் விரிக்கப் போகிறார்கள். இதுவும் தெருவில் காய்ந்து போனால் இன்னொரு நூல் எந்த முதலாளியும் கொடுக்க மாட்டார், அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போக வேண்டியதுதான். சொல்லிவிட்டுக் கம்பவுண்டர், நான் நாளைக்கு லீவு எடுத்துக்கொள்ளட்டுமா சார், நீங்கள் மறுபடியும் சொல்லாமல் இருப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது என்றார். அவரை அன்றைக்கு வேலையைவிட்டே துரத்தலாமா என்று யோசித்தேன்.

சந்தை நாளன்று தாழ்வாரம் நிரம்பியிருந்தது. பாதிப்பேர் என் சித்து வேலையைக் கேள்விப்பட்டு வந்த பெருவியாதிக்காரர்கள். எழுந்து நின்றேன். ஏதோ சொற்பொழிவு என்று முன்வரிசை ஆயத்தமானது.

"நெசவுத் தெருக் குழந்தைவேலுக்குப் பெருவியாதி இல்லை. எப்பவுமே இருந்ததில்லை. நடையை மட்டும் பார்த்துட்டு நான் தப்பாச் சொல்லிட்டேன். தறிக்குழியில கால் அழுந்தினதுதான் காரணம். நான் யாருக்கும் பெருவியாதியைக் குணப்படுத்தலை" என்றேன்.

வாழ்க்கையிலேயே கஷ்டப்பட்டுச் சொன்ன வார்த்தைகள். பின்னாலிருந்து காது மந்தமான ஒரு பெரியவர், என்ன சொல்றாரு, கேட்கலையே என்றார். மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. வெற்றிலை போட வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். சிரிப்பு பரவியது. வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் சிரிக்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார்கள். அந்த நடையிலிருந்து எந்த வியாதியும் எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நெசவுத் தெரு முனைக்குப் போனேன். கிணறு பார்க்கப் போவதாக யாரிடமும் சொல்லவில்லை. பாவு தெரு நீளத்துக்கு விரித்திருந்தது. ஒரு முனையில் குழந்தைவேலு, மறுமுனையில் பாவாயி, நடுவில் கஞ்சிச்சட்டி. கதவுகள் பாதி திறந்திருந்தன, வாசலில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், இறங்கி வரவில்லை. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அப்புறம் எதிர்வீட்டு நெசவாளி ஒருவர் கையில் பிரஷோடு இறங்கினார். நேராகப் பாவுக்குப் போகாமல் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டாக்டரே, நீங்க ஒருக்கா வந்து தொடுங்க. சொன்னவரு தொட்டாத்தானுங்களே நாங்க தொடறதுக்கு."

தொட்டேன். தொட்டால் போதும் என்றுதான் நினைத்தேன். அவர் பாவுக்குக் குறுக்கே செருகியிருந்த ஒரு கோலை என் கையில் கொடுத்து, இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இழுத்த இழுப்பில் ஏழெட்டு இழை அறுந்தது. தெரு முழுக்கப் பார்க்க அவர் என்னைத் திட்டினார். டாக்டருக்குப் படித்தவனுக்கு ஒரு கோலைப் பிடிக்கத் தெரியவில்லையே என்று இன்னொருவர் இறங்கி வந்து என்னைத் தள்ளிவிட்டுப் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டுவதற்காகவே வாசல்களிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் பாவு காய்ந்துவிட்டது.

பாவாயி மட்டும் போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். குழந்தைவேலு என்னை மன்னிக்கவே இல்லை. நான் அந்த ஊரில் இருந்த மீதி வருஷங்களில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே என்னைக் கண்டால் ரோட்டின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். நன்றாகவே நடந்து போவார். அவர் மன்னிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் எதிர்பார்த்தேன். அதுவும் ஒரு மாலைக்குக் கழுத்து நீட்டுகிற ஆசைதான் என்று பிறகு தெரிந்தது.

நீங்கள் இந்த இடத்தில் கதை முடிந்தது என்று எழுந்திருக்கலாம். தப்பு செய்தார், ஒப்புக்கொண்டார், பாவு காய்ந்தது. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, கொஞ்சம் நிம்மதியாக, அடுத்த சந்தை நாளில் மேஜையில் உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் வெகுவாகக் குறைந்திருந்தது. சேந்தமங்கலத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுக்கு முந்தின வருஷம் அதே மேஜையிலிருந்து, அதே மாதிரி, அவள் உட்காருவதற்கு முன்பே பெருவியாதி என்று நான் சொல்லியிருந்தேன். அன்றிலிருந்து புருஷன் வீட்டில் இல்லை, அண்ணன் தோட்டத்துக் குடிசையில் இருந்தாள். இரண்டு பிள்ளைகளைப் புருஷன் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். வாரா வாரம் தலையைக் குனிந்தபடி வந்து ஊசி போட்டுக்கொண்டு போவாள், பேசியதே இல்லை. அன்றைக்கு மஞ்சள் பூசிக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, நிமிர்ந்து நடந்து வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நெசவுக்காரருக்குத் தப்பாச் சொல்லிப்போட்டேன்னு நீங்களே சொன்னீங்களாமா. எனக்கும் ஒருக்கா நல்லாப் பார்த்துச் சொல்லுங்க சாமி" என்றாள்.

தாழ்வாரத்தில் நின்ற எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன். கம்பவுண்டர் திரையை இழுத்துவிட்டார். முந்தின வருஷம் நான் செய்யாதது எல்லாவற்றையும் செய்தேன். புருவத்தைப் பார்த்தேன், காது மடலைப் பார்த்தேன். பஞ்சால் தொட்டுப் பார்த்தேன், சுடுதண்ணீர்ப் புட்டியும் பச்சைத் தண்ணீர்ப் புட்டியும் வைத்துப் பார்த்தேன். எப்போதிருந்து, எந்தக் கால் முதலில், வீட்டில் யாருக்காவது உண்டா என்று எல்லாம் கேட்டேன். என் தப்பு ஒன்று அகப்பட வேண்டும் என்று வாழ்க்கையில் நான் தேடியது அன்றைக்கு மட்டும்தான். முதுகில் வெளிறிய படை இருந்தது, அதில் பஞ்சு பட்டது அவளுக்குத் தெரியவில்லை. கடைசியாக முழங்கையின் உட்பக்கத்தைத் தடவினேன். நரம்பு கயிறு மாதிரி உருண்டது. இன்னொரு கையிலும் பார்த்தேன். மறுபடியும் முதல் கைக்கு வந்தேன்.

அவள் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தப்புத்தானுங்களே?" என்றாள்.

திரைக்கு வெளியே யாருக்கும் கேட்காதபடி, குனிந்து, "இல்லைம்மா, உனக்குச் சரியாத்தான் சொன்னேன்" என்றேன்.